உதிர்ந்த மாங்காய் யாருக்குச் சொந்தம்?

கேள்வி (மே 9, காலை)

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கொய்யா, பேரிக்காய், பலா, கொஞ்சம் கமலா ஆரஞ்சு. சேலத்து மண்டிக்கு இறக்கினால் வண்டி வாடகைகூடத் தேறாத நாட்கள் உண்டு. சிறுத்த காய், வடுப்பட்ட காய், கன்றிப்போன காய் எல்லாம் மரத்தடியிலேயே அழுகுகின்றன. நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூழ் இயந்திரம் வாங்கினால் இந்த இழப்பு நின்றுவிடும் என்பது என் கட்சி. ஊரில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். அடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் அண்ணன்மார் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மே 9, இரவு

செய்திருக்கிறேன், தம்பி. காரிப்பட்டிக்கும் வாழப்பாடிக்கும் நடுவே எனக்கு ஐந்து ஏக்கர் மா. பாதி பெங்களூரா, மிச்சம் சேலம் குண்டு, செந்தூரா, பத்துப் பதினைந்து மல்கோவா. இருபத்திரண்டு பேர் சேர்ந்து கொட்டகை போட்டோம், கூழ் இயந்திரம் வாங்கினோம். இரண்டு பருவம் ஓடியது. அதன்பின் பூட்டிவிட்டோம். நான்கு ஆண்டு கழித்து ஒன்பது பேர் அதே கொட்டகையைத் திறந்தோம், இன்றும் ஓடுகிறது. இரண்டு முறையும் இயந்திரம் அதேதான். இரண்டாம் முறை வாசலில் ஒரு தராசும் விலைப்பலகையும் வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

இயந்திரம் வாங்கினால் இழப்பு நின்றுவிடும் என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன், தோப்பில் காவலுக்குப் போக வேண்டும்.

மே 10

முதல் முறை ஏன் பூட்டினீர்கள் என்று ஆத்தூர் அம்மா கேட்டிருக்கிறார்.

எங்கள் விதி எளிமையானது. உறுப்பினர் யாரும் எந்தப் பழத்தையும் கொண்டுவரலாம், கிலோவுக்கு ஒரே விலை. எல்லோரும் ஒன்றுதான் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. நடந்தது என்ன? நல்லதை மண்டிக்கு அனுப்பினோம். மண்டியில் கழித்ததைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். கழித்ததிலும் தேறியதைத் தெருவில் விற்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. என் வீட்டு மூட்டையும் அப்படித்தான் வந்தது, மறைக்கமாட்டேன்.

இரண்டாம் ஆண்டு ஜூனில் நாலு நாள் விடாமல் மழை. அடுப்பு எரியவில்லை, பழம் குவிந்தது. மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன், உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. கள் வாசம். அதை அன்றே குழியில் தள்ளியிருக்க வேண்டும். "காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். கொப்பரையின் ஓரம் கொதித்தது. நடுவில் என்ன சூடு என்று பார்க்க எங்களிடம் வெப்பமானியே இல்லை. வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, ஸ்குவாஷ் என்று பாட்டிலில் அடைத்து அடுக்கினோம்.

ஒன்பதாம் நாள் இரவு காவலுக்கு இருந்த பெரியவர் போன் செய்தார். போய்ப் பார்த்தால் மூடிகள் தெறித்து ஓட்டில் அடிக்கின்றன. ஒன்று வெடிக்க, அதன் அதிர்ச்சியில் பக்கத்து வரிசை சரிகிறது. சுவரெல்லாம் மஞ்சள் நுரை வழிகிறது. விடிந்ததும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியபடி எண்ணினேன்: 312 பாட்டில். எறும்பு போக நாலு நாள் ஆனது. அதோடு பூட்டுதான்.

ஈஸ்ட் வேலை அது. கெட்ட பழத்தில் ஈஸ்ட் கோடிக்கணக்கில் குடியேறியிருக்கும், அரைகுறைச் சூட்டில் பாதி தப்பிவிடும். கூழ் முழுவதும் 85 டிகிரியைத் தொட வேண்டும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. வெப்பமானி விலை அன்று ஒரு கூடைப் பழத்தின் விலைகூட இல்லை.

மே 12

இனித் தராசு விஷயம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பதினான்கு ஆண்டு எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தேன். காலையும் மாலையும் வரிசையில் நிற்பார்கள். பாலை ஊற்றியதும் கொழுப்பு பார்ப்போம், கொழுப்பு நீங்கிய திடப்பொருள் பார்ப்போம், சீட்டு எழுதுவோம். "என் மாட்டுப் பாலும் பால்தானே, ஏன் குறைவு?" என்று எவரும் சண்டைக்கு வருவதில்லை. அளவு கண்முன்னே நடக்கிறது, விலை பலகையில் இருக்கிறது. ஒரு நாள் பால் திரிந்திருந்தால் அன்றைக்குத் திருப்பி அனுப்புவோம், மறுநாள் அதே மனிதர் வருவார்.

பழக் கொட்டகைக்கு இதை அப்படியே கொண்டுவந்தோம். வாசலில் நீளப் பலகை. அங்கே ஒரு பாட்டி உட்காருவார். காம்புக் குழியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அதே கையால் கட்டைவிரலைக் காம்புக்குப் பக்கத்தில் வைத்து லேசாக அழுத்துவார். தோலில் ஊசி குத்தியதுபோல் புள்ளி இருந்து, சுற்றிலும் மெத்தென்று இருந்தால் பழ ஈ. வெட்டிக்கூடப் பார்க்கமாட்டார், இடப்பக்கக் கூடைக்குப் போய்விடும். மணிக்கு இருநூறு கிலோ அவர் கையைத் தாண்டும். சந்தேகப்பட்டு அவர் ஒதுக்கியதை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன், பத்தில் ஒன்பதில் புழு நெளிந்தது.

மூன்று விலை வைத்தோம். முற்றிய காய், தோலில் மட்டும் கறையோ வடுவோ: ஒரு விலை. முற்றாமல் காற்றில் உதிர்ந்தது: இன்னொரு விலை, அது வேறு வேலைக்கு. ஒரு பக்கம் அடிபட்டது, அன்றே விழுந்தது, அன்றே கொண்டுவந்தது: வெட்டிக் கழித்தபின் எடை போட்டு மூன்றாம் விலை. அழுகல், பூசணம், புழு இவற்றுக்கு விலையே கிடையாது. வீட்டுக்கும் திருப்பி அனுப்பமாட்டோம். கொட்டகைக் குழியிலேயே இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்மூடுவோம். பழ ஈயின் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி ஈயாக வரும். மரத்தடியில் விட்டால் அடுத்த பறிப்புக்கு நாமே ஈ வளர்த்துக் கொடுத்ததாக ஆகும்.

நாகலூர்த் தம்பி, உங்கள் நாற்பது குடும்பம் இயந்திரத்தைப் பற்றிப் பேசும் முன் இந்தப் பலகையைப் பற்றிப் பேசட்டும். விலையைப் பருவத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பழம் குவிந்தபின் விலை பேசினால் சங்கமும் இன்னொரு மண்டிதான்.

மே 13

வரகம்பாடி நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: "தரம் பிரிப்பது பெரிய தோப்புக்காரனுக்கு வசதி. தண்ணீர் இல்லாத மேட்டுக் காட்டுக்காரனின் காய் சிறுத்துத்தான் இருக்கும். அவனுக்குக் குறைந்த விலையா?"

இதில் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் நாங்கள் சிறுத்த காயை மூன்றாம் விலையில் தள்ளினோம். மண்டிக் கண்ணோடு பார்த்த தவறு அது. மண்டிக்குத்தான் அளவு வேண்டும். கூழுக்கு வேண்டியது சதை. பிறகு ஒரு நாள் பிரித்து அரைத்துப் பார்த்தோம். பெரிய பெங்களூராவில் நூறு கிலோவுக்கு 55 கிலோ கூழ் வந்தது, சிறுத்ததில் 46. கொட்டையும் தோலும் கூடுதல், அவ்வளவுதான். வித்தியாசம் ஆறில் ஒரு பங்கு, நாங்கள் குறைத்திருந்ததோ பாதி விலை. அடுத்த வாரமே பலகையை அழித்து எழுதினோம், முந்தைய சீட்டுகளுக்கும் பாக்கியைக் கொடுத்தோம். இப்போது சிறுத்த காய் முதல் விலையில் ஆறில் ஐந்து பங்கு பெறுகிறது.

மே 15

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன்.

சேலம் பக்கத்தில் பாதித் தோப்பு பூவிலேயே குத்தகைக்குப் போய்விடும். வியாபாரி தையிலோ மாசியிலோ வந்து பூவைப் பார்ப்பார், முன்பணம் கொடுப்பார், அதன்பின் காய் அவருடையது. மே மாதச் சூறைக்காற்றில் ஒரே மாலையில் தோப்புத் தரை பச்சையாகிவிடுகிறதே, அந்தக் காய் யாருடையது? குத்தகைப் பேச்சுப்படி வியாபாரியுடையது. அவருக்கோ அதைப் பொறுக்க ஆள் கூலி கட்டாது. தோப்புக்காரர் பொறுக்கினால் "என் காயில் கை வைத்தாய்" என்று வழக்கு. இரண்டு பேரும் தொடாமல் மூன்று நாளில் வெம்பி, ஈ மொய்த்து, மண்ணோடு போகிறது.

எங்கள் பக்கத்தில் மிக அதிகமாக வீணாகும் காய் இதுதான் என்பது என் கணிப்பு. இதற்குத் தீர்வு குத்தகைச் சீட்டில் ஒரு வரி. அந்த வரியை எழுத வைக்க மூன்று ஆண்டாக முயல்கிறேன், இன்னும் முடியவில்லை.

மலையில் பலாவையும் மரக்கணக்கில் விலை பேசுகிறார்கள் என்று கேள்வி. அங்கும் இதே சிக்கல் உண்டா, தம்பி?

மே 15, இரவு

உண்டு என்று எழுதியிருக்கிறார்.

மே 18

நாட்டில் பழத்தில் 40 சதவீதம் வீணாகிறது என்று மேடையில் கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த எண்ணை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். லூதியானாவில் இருக்கும் அறுவடைக்குப் பிந்தைய பொறியியலுக்கான மத்திய நிறுவனம் நாடு முழுவதும் அளந்து 2015இல் வெளியிட்ட அறிக்கையில் மாம்பழ இழப்பு 9.16 சதவீதம், கொய்யா 15.88. பழங்களில் கொய்யாதான் உச்சம். மலைத்தோட்டத்தில் கொய்யா வைத்திருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆனால் அது எடைக் கணக்கு. முழுதாக அழிந்தது மட்டுமே அதில் வரும். நாற்பது ரூபாய்ப் பழம் வடுவால் நாலு ரூபாய்க்குப் போனால் அந்தக் கணக்கில் இழப்பு பூஜ்யம். நம் வீட்டில் அது இழப்புதான். நாம் பிடிக்க வேண்டியது இரண்டையும்.

மே 21

என்ன செய்து விற்பது என்று நிறையப் பேர். ஒவ்வொருவரும் பழச்சாறு பாட்டில் என்கிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டன் பெங்களூரா, அதில் 500 கிலோ கூழ் என்று வைப்போம். குடிக்கத் தயாரான பானத்துக்கு விதிப்படி குறைந்தது 10 சதவீதம் பழம். அதாவது 5,000 லிட்டர் பானம், 200 மில்லி பாட்டிலில் 25,000. ஒரு டன் வீணாகாமல் இருக்க இருபத்தைந்தாயிரம் பாட்டில் விற்க வேண்டும். இதில் பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தோடு மோத நம்மால் ஆகாது. கோடைவிழாக் கூட்டத்தில் ஏற்காடு ஏரிக்கரையில் விற்கலாம், அது சில நாள் கதை.

ஜாமுக்குக் குறைந்தது 45 சதவீதம் பழம் வேண்டும். கிலோ கூழுக்குக் கிலோ சர்க்கரை போட்டால் இரண்டு கிலோ ஜாம், ஒரு டன்னுக்கு 1,000 கிலோ.

தட்டில் பரப்பிக் காயவைக்கும் மாம்பழத் தகடு, ஆந்திராவில் தாண்ட்ரா என்பார்களே, அதில் சர்க்கரை சேர்க்காவிட்டால் 500 கிலோ கூழ் சுருங்கி 90 கிலோவாகிவிடும். ஒரு சிறிய அறையில் அடுக்கலாம், பாட்டில் செலவு இல்லை. வெயில் நமக்கு இலவசம்.

இழப்பைத் தடுப்பதுதான் நோக்கமென்றால், நிறையப் பழத்தைச் சிறிய இடத்தில் அடக்கும் பொருள் எதுவோ அதைச் செய்ய வேண்டும். எங்கள் கொட்டகையில் தகடும், முற்றாத காயில் வற்றலும், உப்புநீரில் போட்ட ஊறுகாய்த் துண்டும்தான் சோறு போடுகின்றன. உதிர்ந்த பிஞ்சைப் பழுக்க வைக்கப் பார்க்காதீர்கள், சுருங்குமே தவிரப் பழுக்காது. கார்பைடு கல் வைத்து மஞ்சளாக்கிக் கொண்டுவந்தவரை நாங்கள் வாசலோடு அனுப்பினோம். அது 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி தடை செய்யப்பட்டது.

மே 22

நேற்று எழுதிய ஜாம் கணக்கு தவறு. கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பெண் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவருக்கு நன்றி. கொதிக்கும்போது போகும் தண்ணீரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஜாமில் 65 சதவீதம் கரைந்த திடப்பொருள் இருக்க வேண்டும். கூழில் 15 சதவீதம். ஒரு கிலோ கூழும் ஒரு கிலோ சர்க்கரையும் சேர்ந்தால் திடப்பொருள் 1.15 கிலோ. அதை 65க்கு வகுத்தால் கிடைப்பது ஒன்றே முக்கால் கிலோ ஜாம்தான். ஒரு டன் பழத்துக்கு ஏறத்தாழ 885 கிலோ. 1,000 கிலோ என்று நம்பிப் பாட்டில் வாங்கியிருந்தால் நூறு கிலோவுக்கு மேல் பாட்டில் மிஞ்சும்.

மே 27

தம்பி வீட்டில் கொய்யா ஜாம் செய்து பார்த்ததில் அடி கருகிவிட்டதாம். "105 டிகிரி வரும்வரை கொதிக்க வைக்கச் சொன்னார்கள், அதற்குள் கட்டியாகிக் கருகிவிட்டது" என்கிறார்.

இதைப் படித்ததும் என் தலையில் உறைத்தது. சேலத்துப் பயிற்சி வகுப்பில் தரும் தாளில் 105 என்றுதான் இருக்கும், அது கடல்மட்டக் கணக்கு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். ஜாமின் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 5 டிகிரி. உங்களுக்கு 100 டிகிரியிலேயே இறக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியைப் பாருங்கள், அதோடு ஐந்தைக் கூட்டுங்கள். கரண்டியிலிருந்து சொட்டாக விழாமல் தாள்போல் வழிந்து அறுந்தால் பதம். கண்ணும் வெப்பமானியும் ஒத்துப்போக வேண்டும்.

அதே காரணத்தால் பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் நேரத்தையும் மலையில் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கொய்யாவில் ஜெல்லி செய்யப் போகிறீர்கள் என்றால் நன்றாகப் பழுத்ததைத் தேடாதீர்கள். ஜெல்லியை உறையவைக்கும் பெக்டின் செங்காயில்தான் அதிகம். வடிநீர் ஒரு கரண்டி எடுத்து, அதில் ஸ்பிரிட் ஒரு கரண்டி ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் ஜெல்லி உறையும். துண்டு துண்டாகச் சிதறினால் உறையாது, ஜாமுக்கு மாற்றிவிடுங்கள். சோதித்த நீரைக் கொட்டிவிட வேண்டும், அது விஷம். குழந்தைகள் கைபடும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஜூன் 6

அவசரம். மஞ்சக்குட்டையிலிருந்து ஒருவர், பலாச்சுளையை மாங்கூழ்போல் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்து ஓராண்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அப்படிச் செய்யாதீர்கள். மாம்பழத்திலும் கொய்யாவிலும் புளிப்பு இருக்கிறது, கார அமில அளவு (pH) பெரும்பாலும் 4.6க்குக் கீழே நிற்கும். அங்கே போட்டுலினம் கிருமி நஞ்சு உண்டாக்காது. பலாச்சுளையில் புளிப்பு மிகக் குறைவு, அளவு 5ஐத் தாண்டும். கொதிநீரில் காய்ச்சி மூடினாலும் இந்தக் கிருமியின் வித்துகள் சாகாது. காற்றில்லாத பாட்டில் அதற்கு வசதியான வீடு. நிறமும் மணமும் மாறாமலே உயிருக்கு ஆபத்தாகலாம். சிட்ரிக் அமிலம் சேர்த்து, அளவியில் பார்த்து, 4.6க்கு நன்றாகக் கீழே கொண்டுவந்த பிறகே பாட்டில். அளவி இல்லையென்றால் பலாவில் பாட்டிலே வேண்டாம். சிப்ஸ் போடுங்கள், சுளையைக் காயவையுங்கள், காற்றில் விழுந்த பலாமூசைக் காய்கறியாகக் கீழே அனுப்புங்கள். கொட்டையை மணலில் போட்டு வைத்தால் மழைக்காலம் முழுக்கக் குழம்புக்கு ஆகும்.

மல்கோவாவுக்கும் இது பாதி பொருந்தும். நன்றாகக் கனிந்துவிட்டால் புளிப்பு அநேகமாக இராது. நாங்கள் அதைத் தனியே அரைப்பதில்லை, பெங்களூராவோடு கலந்துவிடுவோம். வாசனைக்கு வாசனை, புளிப்புக்குப் புளிப்பு.

ஜூன் 19

மழை. கொட்டகையில் வேலை குறைவு, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் இயந்திரம் மணிக்கு 500 கிலோ அரைக்கும். வாங்கும்போது பெருமையாக இருந்தது. மானியம் கிடைக்கிறதே என்று பெரியதாக வாங்கினோம். ஒரு நாளைக்கு வரும் பழமோ 600 கிலோ. எழுபத்திரண்டு நிமிட வேலைக்கு அப்புறம் கழுவத்தான் இரண்டு மணி நேரம். அதுவும் எழுபது நாள். மீதி 295 நாளும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது, வட்டி மட்டும் நிற்பதில்லை.

2020இல் தொடங்கிய மத்திய அரசின் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம் அறிவித்தார்கள். குழுவாகவும் கேட்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மானியம் போக மீதி 65 சதவீதம் நம் தலையில்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இங்கேதான் மலைக்காரர்கள் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்கு மா விட்டால் வேறில்லை. உங்களுக்கு ஜூனில் பலா, ஆடி ஆவணியில் பேரிக்காய், அதற்கிடையே கொய்யா, கார்த்திகையிலிருந்து ஆரஞ்சு. ஒன்று முடிந்தால் ஒன்று. கொட்டகை ஆண்டில் இருநூறு நாள் இயங்கலாம். காப்பிப் பழம் அரைக்கும் பல்ப்பர் உங்கள் பக்கத்தில் பார்க்காத பிள்ளை கிடையாது, இயந்திரத்தைக் கழுவிக் காயவைக்கும் ஒழுக்கமும் கையில் இருக்கிறது.

நான் யோசிப்பது இதுதான். நாற்பது குடும்பமும் மேலே தனியாக ஒன்று போடுவதைவிட, அடிவாரமும் மலையும் ஒரே சங்கமாக இருந்தால் என்ன? ஏப்ரல் முதல் ஜூன் வரை எங்கள் பழம், பிறகு உங்கள் பழம். தார்ப்பாய்க்கு வேலை இருக்காது.

ஜூன் 20

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். பழத்தைக் கீழே இறக்குவது யார் செலவு என்று நான் சொல்லவில்லை. சேலம் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு, குப்பனூர் வழி என்றாலும் இறக்கம் இறக்கம்தான். கொய்யா அடிபடாமல் வந்து சேருமா? தரம் பிரிப்பதும் கழுவுவதும் மேலேயே நடந்து, கழித்தது மேலேயே குழிக்குப் போய், தேறியது மட்டும் பெட்டியில் வந்தால் வாடகை குறையும். மேலேயும் ஒரு பலகை, ஒரு பாட்டி வேண்டும். இயந்திரம் ஒன்று போதும், பலகை இரண்டு.

ஜூலை 3

கூட்டுறவு என்றாலே நம் ஊரில் உருப்படாது என்று ஒருவர். சேலத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆலைகளின் சரக்கு அதன் கிடங்குக்கு வந்து, அங்கே விலை போகிறது. அது ஆலைக்காரர்களின் சங்கம், மரவள்ளி விவசாயியின் சங்கம் அல்ல, அந்த வேறுபாடு எனக்குத் தெரியும். ஆனால் சரக்கை ஓரிடத்தில் சேர்த்து வைத்து விற்பது நம் ஊருக்குப் பழகிய வேலை என்பதற்குச் சான்று.

இன்னும் நெருக்கமானது குஜராத்தின் கெடா மாவட்டம். 1946இல் பால் சங்கம் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் பால் பெருகும், பம்பாய்க்கு அனுப்பியதுபோக மிஞ்சும். மிஞ்சியதை என்ன செய்வது என்பதற்குத்தான் 1955இல் ஆனந்தில் பால் பவுடரும் வெண்ணெயும் செய்யும் ஆலை வந்தது. அமுலின் கதையை எல்லோரும் விளம்பரத்தில் தொடங்குவார்கள். எனக்கு அது மிஞ்சிய பாலில் தொடங்கும் கதை.

இமாசலத்தில் 1974இல் தொடங்கிய அரசு நிறுவனம் ஒன்று ஆலங்கட்டி அடித்த ஆப்பிள், சிறுத்த ஆப்பிள் எல்லாவற்றையும் அறிவித்த விலையில் வாங்கிச் செறிவாக்கிய சாறு செய்கிறது. அங்கும் விலை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. நான் மே 12இல் எழுதியதும் இதைத்தான்.

ஜூலை 4

கொட்டையை எறியாதீர்கள் என்று எழுத மறந்துவிட்டேன். போச்சம்பள்ளிப் பக்கத்துச் சந்தூரில் ஒட்டுக்கன்று நர்சரிகள் நிறைய. வேர்ச்செடிக்குக் கொட்டை வேண்டும். புதுக் கொட்டையாக இருக்க வேண்டும், சில வாரம் காய்ந்தால் முளைக்காது. வேகவைத்த கூழிலிருந்து பிரித்த கொட்டையும் முளைக்காது, அதனால் காய்ச்சும் முன்பே பிரிப்பதற்கு நாங்கள் வரிசையை மாற்றினோம். தோல் மாட்டுக்கு, அன்றன்றே.

நவம்பர் 23

மாதங்கள் கழித்து எழுதுகிறேன். தம்பி ஞாயிற்றுக்கிழமை குப்பனூர் வழியாக முப்பது கிலோ கமலா ஆரஞ்சோடு இறங்கி வந்தார். தோலில் சொறி, அளவு சிறிது, சுவை அருமை.

முதல் பத்துக் கிலோவை இரண்டாக வெட்டி அழுத்தும் கருவியில் போட்டுப் பிழிந்தோம். தேன்போல் இருந்தது. மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து ஒரு வாய் குடித்தால் நாக்கின் அடியில் வேப்பங்காய். தம்பி முகம் வாடிவிட்டது. நான் சற்று நேரம் பேசவில்லை.

பாட்டிதான் சொன்னார்: "கொட்டையை நசுக்கிட்டீங்க." அதுதான். கொட்டையிலும் வெண்நாரிலும் இருக்கும் லிமோனின் என்ற கசப்புப் பொருள் சாற்றில் கலந்து, நேரம் செல்லச் செல்லக் கசக்கும். காய்ச்சினால் இன்னும் விரைவில் கசக்கும். அடுத்த பத்துக் கிலோவைத் தோலுரித்து, நார் எடுத்து, சுளையைக் கையால் மட்டும் பிழிந்து உடனே வடிகட்டினோம். இரண்டு டம்ளரையும் மாலைவரை பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டாவது கசக்கவில்லை. கூலி மூன்று மடங்கு, அதுவும் உண்மை.

மீதிப் பத்துக் கிலோவில்தான் மனம் நிறைந்தது. ஜூனில் காய்ச்சிப் பதப்படுத்தி டிரம்மில் வைத்திருந்த பெங்களூராக் கூழோடு அந்தச் சாற்றைக் கலந்து ஸ்குவாஷ் செய்தோம். பழம் 25 சதவீதத்துக்குக் குறையாமல், திடப்பொருள் 40. மேலே பொங்கியதும் கீழே பொங்கியதும் ஒரே பாட்டிலில். பதினேழாம் நாள் இன்று காலைவரை எந்த மூடியும் தெறிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன்.

நவம்பர் 24

பதினேழு நாளா என்று கேட்டுவிட்டார்கள். ஞாயிறு என்று நான் எழுதியது இந்த மாதம் ஆறாம் தேதி வந்த ஞாயிறு. தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து தோப்பில் பூ. நேற்று குத்தகைக்காரர் வந்தார். ஒன்பது பேரும் கொட்டகையில் ஒன்றாக உட்கார்ந்தோம், முதல் முறையாகத் தனித்தனியாகப் பேசவில்லை. தம்பியும் மலையிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வரியைப் படித்துக்காட்டினேன். "பறிப்பதற்கு முன் தரையில் உதிரும் காய் அனைத்தும் தோப்புக்காரரைச் சேரும்." அவர் நெடுநேரம் வெற்றிலையை மென்றார். உதிர்ந்ததோடு சேர்த்து மரத்தில் இருப்பதையும் உலுக்கிவிட்டால் என்ன செய்வது என்றார். நியாயமான கேள்வி. காற்றடித்த மறுநாள் காலை அவர் ஆள் முன்னிலையில் பொறுக்கி, அவர் ஆள் எடைச்சீட்டில் கையெழுத்துப் போடுவது என்று இன்னொரு வரி சேர்த்தோம். ஏக்கருக்கு 400 ரூபாய் குத்தகையில் குறைத்துக்கொண்டார். என் ஐந்து ஏக்கருக்கு 2,000.

சீட்டில் இரண்டு வரியும் இருக்கின்றன. பங்குனியில் பழைய மீன்வலை வாங்கி மல்கோவா மரங்களுக்குக் கீழே முதலில் கட்டப் போகிறோம். நாகலூரில் பலாவுக்கும் இதே சீட்டை எழுதிப் பார்க்கத் தம்பி ஒரு நகல் எடுத்துப் போயிருக்கிறார்.